உயரமான பானட்

ஜீப்பின் இடது பக்கத் தகட்டை முதலில் சுரண்டியது ஒரு ஐந்து ரூபாய்க் காசால்தான். வெள்ளைக்குக் கீழே பச்சை வந்தது. பச்சைக்குக் கீழே வெளிறிய மஞ்சள். அதற்கும் கீழே செங்கல் நிறத்தில் ரெட் ஆக்சைடு. சரி, தகடு வந்துவிட்டது என்று நினைத்தால் இன்னொரு சாம்பல் நிறம் எட்டிப் பார்த்தது.

“எத்தன கோட்டுடா வருது?” வராண்டா நாற்காலியில் இருந்தபடியே அப்பா கேட்டார்.

“அஞ்சுப்பா.”

“வெள்ள மட்டும்தான் நம்மளது. மிச்சமெல்லாம் யார் யார் அடிச்சதோ.”

இது 2020 அக்டோபர். ஊரடங்கில் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வீட்டுக்கு வந்து ஆறு மாதம் தாண்டியிருந்தது. அதற்கு முந்தின மாதம் கடைசித் தேதியில்தான் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தை நிறுத்தினார்கள். சோவியத் உதவியோடு கட்டி 1962-ல் ஓட ஆரம்பித்தது. 50 மெகாவாட்டில் ஆறு யூனிட், 100 மெகாவாட்டில் மூன்று, ஆக மொத்தம் 600. நடுவில் ஆயுள் நீட்டிப்பு வேலைகள் பார்த்துப் பார்த்து 58 வருடம் ஓட்டினார்கள். பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அப்பா மடித்து வைத்தார். “அதுக்கே பேரிங் மாத்தி டியூப் மாத்தி இத்தன வருஷம் ஓட்டிட்டாங்க. நம்ம வண்டி ஆறு வருஷமா கோழி அடையுற எடமா கெடக்கு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரம் நான் காசை எடுத்துக்கொண்டு போய் ஜீப்பின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் 31 வருடம் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு வடலூர் பக்கம் வீடு கட்டி வந்தோம். டவுன்ஷிப்பில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காலி செய்தல் என்றால் என்ன என்று தெரியும். அகலமான தெரு, பிளாக் நம்பர், வாசலில் நாமே நட்ட மாமரம், எதுவும் நம்முடையது இல்லை. பீரோ, கட்டில், அம்மியோடு எங்களுடன் வந்தது இந்த ஜீப் ஒன்றுதான். 1968-ஆம் வருட மஹிந்திரா சி.ஜே. 3பி. அப்பா அதை 1991-ல் ஒரு கான்ட்ராக்டரிடமிருந்து வாங்கினார். அதற்கு முன்னால் அது யாரிடம் ஓடியது என்பதற்கு ஆர்.சி. புக்கில் இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஐந்து பூச்சுக்கு அந்தக் கணக்கு பத்தாது.

*

இந்த வண்டியை முன்னாலிருந்து பார்த்தவர்கள் யாரும் இதன் முகத்தை மறக்க மாட்டார்கள். பானட் மட்டும் அளவுக்கு மீறி உயரம். கிரில்லுக்கும் பானட்டின் விளிம்புக்கும் நடுவில் நெற்றி ஏறிய ஆள் மாதிரி ஒரு வெற்றுப் பரப்பு. சின்ன வயதில் இதுதான் ஜீப்பின் லட்சணம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் இது ஒரு என்ஜின் மாற்றத்தின் தழும்பு.

1940-ல் ஐரோப்பாவில் போர் முற்றியபோது அமெரிக்க ராணுவம் இலகுவான, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி ஒன்று வேண்டுமென்று கேட்டது. பான்டம் என்ற சின்ன கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. அந்தக் கம்பெனியால் வேண்டிய எண்ணிக்கையில் செய்ய முடியாது என்று சொல்லி, பெரும்பங்கு ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்களைச் செய்து தள்ளின. வில்லிஸ் என்ஜினின் பெயர் ‘கோ டெவில்’, 2.2 லிட்டர், 60 குதிரைத்திறன். இரண்டு வால்வுகளும் பிளாக்கிலேயே பக்கவாட்டில் இருக்கும். அதனால் ஹெட் தட்டையாக, என்ஜின் குள்ளமாக இருந்தது. அதற்கேற்றபடி பானட்டும் தாழ்வாக இருந்தது.

போருக்குப் பிறகு சாதாரண மக்களுக்கு ஜீப் விற்க வேண்டி வந்தபோது இன்னும் கொஞ்சம் சக்தி தேவைப்பட்டது. புது என்ஜின் வடிவமைக்கச் செலவாகும். அதே பிளாக்கை வைத்துக்கொண்டு, உள்ளே இழுக்கும் வால்வை மட்டும் தூக்கி ஹெட்டில் வைத்தார்கள். புகை தள்ளும் வால்வு பழைய இடத்திலேயே இருந்தது. இதற்கு ‘ஹரிகேன்’ என்று பெயர். குதிரைத்திறன் எழுபதைத் தாண்டியது, என்ஜினின் உயரமும் கூடியது. பழைய பானட்டை மூட முடியவில்லை. 1953-ல் பானட்டைத் தூக்கிக் கட்டி விற்பனைக்கு விட்டார்கள். அதுதான் 3பி. அமெரிக்காவில் இதை ரசித்து வாங்கினார்கள் என்று சொல்ல முடியாது. 1968-ல் அங்கே உற்பத்தி நின்றது. எங்கள் வண்டி பிறந்ததும் அதே வருடம்தான். ஜப்பானில் மிட்சுபிஷி இதே வம்சத்து ஜீப்பை 1998 வரைக்கும் செய்துகொண்டிருந்தது. இங்கே மஹிந்திரா அந்த நெற்றியை இன்னும் பல வருடம் கைவிடவில்லை.

மஹிந்திரா என்கிறோமே, 1945-ல் லூதியானாவில் தொடங்கியபோது அந்தக் கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. அந்த முகமது, மாலிக் குலாம் முகமது, பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் முதல் நிதி அமைச்சரானார். 1948-ல் கம்பெனி பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. பம்பாய் மசகானில் பிரித்து வந்த வில்லிஸ் ஜீப்களைப் பூட்டி விற்பதில் ஆரம்பித்து, மெல்ல மெல்லப் பாகங்களை இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

பழைய ஜீப்பைப் புதுப்பிப்பது என்றதும் எனக்கு ஞாபகம் வருவது இன்னொரு கதை. காஷ்மீர் போர் நடந்துகொண்டிருந்த 1948-ல் ராணுவத்துக்கு ஜீப் அவசரமாகத் தேவைப்பட்டது. அப்போது லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான நடைமுறைகளை ஒதுக்கிவிட்டு ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். புதுப்பித்த பழைய ஜீப்கள். பணத்தில் பெரும்பகுதியை முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. வந்து சேர்ந்தவை 155. அவையும் ஓட்டுவதற்கு லாயக்கில்லாமல் இருந்தன. அனந்தசயனம் அய்யங்கார் தலைமையிலான குழு விசாரணை வேண்டும் என்றது. 1955 செப்டம்பரில் உள்துறை அமைச்சர் பந்த், விஷயம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார். அடுத்த வருடம் மேனன் மந்திரி சபைக்குள் வந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அரசியலைவிட அந்த 155 வண்டிகள்மேல்தான் ஆர்வம். மேலே பளபளவென்று பெயிண்ட் அடித்திருப்பார்கள், சந்தேகமே இல்லை.

*

2021 ஜூலையில் ஒன்றிய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி கொண்டு வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆன வண்டிக்கு ‘வி.ஏ.’ என்று எழுத்துப் போட்ட தனி நம்பர் பிளேட். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். அந்தப் பிளேட்டின் படத்தைப் பார்த்ததும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. சேஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் வண்டியில் இருந்ததோ டீசல் என்ஜின். பிறந்தபோது இருந்த ஹரிகேனை அப்பா 1992-ல் இறக்கிவிட்டார்.

“திரும்ப பெட்ரோல் என்ஜினே போட்டுட்டா?” என்று மந்தாரக்குப்பம் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன்.

“போடலாம் தம்பி. கெடைக்கணுமே. கெடைச்சாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அத ‘மாத்துனது’ம்பானா, ‘மாத்துனத மாத்துனது’ம்பானான்னு யாருக்குத் தெரியும்?”

நான் அடங்கவில்லை. வாரக்கணக்கில் போன் போட்டு, சென்னை புதுப்பேட்டையில் ஒரு ஹரிகேன் பிளாக் இருப்பதைக் கண்டுபிடித்து, மாசச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து லாரியில் ஏற்றி அனுப்பினேன். அது வந்து இறங்கிய அன்று அப்பா வெளியே வந்து பார்த்தார். குனிந்து விரலால் தடவினார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். ராத்திரி சாப்பிடும்போதும் பேசவில்லை. அம்மாதான் சமையல்கட்டில் வைத்து மெதுவாகச் சொன்னாள். “அவரு கையால மாட்டுன என்ஜின்டா அது. அறுத்துப் போடப் போறியான்னு கேக்கத் தெரியாம இருக்காரு.”

அந்த என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோது பீப்பாய் மூன்று டாலரில் இருந்த கச்சா எண்ணெய், சில மாதங்களில் பன்னிரண்டை நெருங்கியது. இந்தியாவில் பெட்ரோல் பணக்காரர்களின் எண்ணெய், டீசல் விவசாயிக்கும் லாரிக்குமான எண்ணெய் என்ற கணக்கு இருந்ததால் விலை வித்தியாசம் அதிகம். மலிவாக ஓட்டத்தான் ஜீப் வாங்கினார்கள். அந்த ஜீப் லிட்டருக்குக் கொடுத்த மைலேஜைப் பார்த்தால் பெட்ரோல் பங்கில் நிற்கும்போதே நெஞ்சு அடைத்துவிடும். மஹிந்திரா எழுபதுகளின் நடுவில் ஒரு காரியம் செய்தது. இன்டர்நேஷனல் பி-275 டிராக்டர்களை அவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். அந்த டிராக்டர் என்ஜினையே எடுத்து ஜீப்பில் வைத்துவிட்டார்கள். வயலில் உழுத என்ஜின், சாலையில் அதே தடதடப்போடு ஓடியது. அப்புறம் பிரான்ஸின் பெஜோவோடு ஒப்பந்தம் போட்டு எக்ஸ்.டி.பி. 4.90 வந்தது. நாலு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர், அதுதான் பெயரில் இருக்கும் எண்கள். 2,112 சி.சி. எண்பதுகளில் தமிழ்நாட்டில் ஓடிய எத்தனையோ ஜீப்களின் இதயம் இதுதான்.

கம்பெனி செய்ததைத் தெருவோர லேத் பட்டறைகள் இன்னும் வேகமாகச் செய்தன. பழைய பெட்ரோல் ஜீப்பை வாங்கு, விபத்தில் நொறுங்கிய டீசல் ஜீப்பின் என்ஜினைக் காயலான்கடையில் பிடி, இரண்டையும் கல்யாணம் செய்து வை. சொல்வது சுலபம். பெட்ரோல் என்ஜின் காற்றை ஏழு மடங்குபோல அழுத்தும். டீசல் இருபது மடங்குக்கு மேல் அழுத்தும். அந்த உதறலைத் தாங்க சேஸில் புது மவுண்டிங் வெல்டு வைக்க வேண்டும். ரேடியேட்டர் மாற்ற வேண்டும், சைலன்சர் வளைக்க வேண்டும், பழைய மூணு கியர் பெட்டியோடு என்ஜினைச் சேர்க்க நடுவில் தகடு கடைய வேண்டும். அச்சில் இருக்கும் 5.38 என்ற பல் விகிதம், மேட்டில் ஏறுவதற்கு அருமையானது. தேசிய நெடுஞ்சாலையில் அறுபதைத் தாண்டினால் வண்டி கதறும்.

அப்பா இதைச் செய்தது மைலேஜுக்காக மட்டும் இல்லை. ஐப்பசி மழையில் நெய்வேலியைச் சுற்றி இருக்கும் செம்மண் பாதைகளில் போனவர்களுக்குத் தெரியும். பெட்ரோல் ஜீப்பின் டிஸ்ட்ரிபியூட்டரில் தண்ணீர் தெறித்தால் பாதி ஓடையில் வண்டி நின்றுவிடும். டீசலுக்கு அந்தத் தீப்பொறி வம்பே கிடையாது. காலையில் ஹீட்டர் போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டால், காற்றும் டீசலும் இருக்கும்வரை அது பாட்டுக்கு ஓடும். இரண்டு லீவு மாதம், நாலு பண்டிகை, ஒரு பி.எஃப். லோன் என்று அவர் அந்த என்ஜினை மாட்டினார். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறையாக எழுதிக் கொடுத்து ஆர்.சி.யில் ‘டீசல்’ என்று பதியவும் வைத்தார். மவுண்டிங் தகடுகள் நாலையும் அவரே வெட்டி, அவரே வெல்டு வைத்தது. அம்மாவைப் பிரசவத்துக்கு விருத்தாசலம் கூட்டிப்போனது, என் தங்கையைக் கொண்டுவந்தது, தாத்தாவின் உடம்பை எடுத்துப்போனது எல்லாம் அந்த என்ஜின்தான்.

நான் ‘ஒரிஜினல்’ என்று வாங்கி வைத்திருந்த ஹரிகேனோ, அதுவே ஒரு ஒட்டுப்போட்ட என்ஜின். குள்ளமான என்ஜினுக்கு மேலே வால்வு வைத்துக் கட்டியது. அதற்காகப் பானட்டையே தூக்கியது. எந்த வருடத்தில் நிறுத்திக்கொண்டு இதுதான் மூலம் என்று சொல்வது?

இந்தத் தத்துவக் கேள்விக்குப் பதில் லேத்தில் கிடைத்தது. பிளாக்கைக் கழுவிச் சாயம் ஊற்றிப் பார்த்தபோது, மூணாவது சிலிண்டருக்கும் வால்வு சீட்டுக்கும் நடுவில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். சூட்டுப் புகை போகும் வால்வு பிளாக்கிலேயே இருக்கும் என்ஜின்களுக்கு அது பலவீனமான இடம். மெக்கானிக் அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “டீ சாப்டலாம் வாங்க தம்பி” என்றார். விற்றவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. 155 ஜீப் வாங்கினவர் மேல் அன்றைக்குக் கொஞ்சம் இரக்கம்கூட வந்தது.

*

என்ஜினைவிட நான் அதிகம் கற்றுக்கொண்டது துருவிடம்தான்.

2016-ல், முதல் போனஸ் வந்த திமிரில், அப்பாவுக்குச் சர்ப்ரைஸ் என்று ஜீப்பின் அடிப்பக்கம் முழுக்க ரப்பர் கோட்டிங் அடிக்க ஒரு பட்டறையில் விட்டிருந்தேன். கன்னங்கரேலென்று அழகாக இருந்தது. இப்போது அடியில் படுத்துக்கொண்டு ஸ்குரூடிரைவரால் நெம்பியபோது அது தோசை மாதிரி உரிந்து வந்தது. உள்ளே ஈரமான செந்தூள். துருவை எடுக்காமல் அதன்மேல் அடித்திருந்தார்கள். வெளித் தண்ணீரை உள்ளே விடாத பூச்சு, உள்ளே போன தண்ணீரையும் வெளியே விடாது. நான் காசு கொடுத்து நாலு வருடம் துருவை வளர்த்திருக்கிறேன். பின் இருக்கைக்குக் கீழே தகட்டில் என் உள்ளங்கை நுழைந்தது.

அப்பா அன்றைக்குத்தான் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். முட்டி வலியோடு கீழே குனிந்து பார்த்தார். திட்டவில்லை. பக்கெட் வீலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

நெய்வேலியின் நிலக்கரி பழுப்பு நிலக்கரி, ஆழத்தில் இருக்கிறது. அதன்மேல் ஐம்பது மீட்டருக்கும் அதிகமாக மேல்மண். அதில் பெரும்பகுதி கடலூர் மணற்கல், இரும்பை உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். நிலக்கரிக்குக் கீழேயோ அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ. இரவும் பகலும் பம்ப் வைத்து இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்துகொண்டு வரும். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்ததிலிருந்து, 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்து, 1961 ஆகஸ்டில் முதன்முதலில் நிலக்கரியின் முகத்தைப் பார்க்கிறவரைக்கும் எல்லோரையும் மிரட்டியவை இவை இரண்டும்தான், கல்லும் தண்ணீரும். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சச சக்கரங்கள், அவற்றில் தொட்டித் தொட்டியாக வாளிகள். பெரிய எந்திரத்தில் ஒரு வாளி 1,400 லிட்டர். அந்த வாளிகளின் பற்களை இந்த மண் தின்றது. வெடி வைத்து மண்ணைத் தளர்த்திவிட்டுத்தான் வெட்ட வேண்டியிருந்தது.

“பல்லு தேயாம இருக்காது. தேயுறதுக்குன்னே ஒரு மொகம் வெப்போம்” என்றார் அப்பா. ஹார்ட் ஃபேஸிங் என்பார்கள். குரோமியம் கார்பைடு கலந்த ராடால் பல்லின் நுனியில் வெல்டு வரிகளாகப் போடுவது. மண் அந்த வரியைத் தின்னும், பல் தப்பிக்கும். வரி தேய்ந்ததும் மறுபடி போடுவது. “ஆனா பழசத் தட்டிச் சுத்தமா எடுக்காம மேல போட்டா, ஒரே ஷிப்டுல பொளந்துக்கிட்டு வந்துரும். நீ பண்ண மாதிரி.”

அதற்குப் பிறகு மூன்று மாதம் சுத்தம் செய்ததுதான் வேலை. கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி, முகத்தில் துணி கட்டிக்கொண்டு. பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம் என்பதால் குழந்தைகளை அந்தப் பக்கம் விடவில்லை. கிரைண்டர் போகாத மூலைகளுக்குப் பாஸ்பாரிக் அமிலம். இது துருவைக் கறுப்பான பாஸ்பேட்டாக மாற்றிவிடும். சின்ன போல்ட்டு, கொக்கிகளையெல்லாம் அம்மா ஒரு பழைய குண்டானில் புளித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டாள். பித்தளைக் குத்துவிளக்குக்கு ஆவது ஜீப் போல்ட்டுக்கு ஆகாதா என்பது அவளுடைய கட்சி. ஆயிற்று. நன்றாகவே ஆயிற்று. ஓட்டையான தகடுகளை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்தோம். பட்டி பூசி மறைக்கும் வேலை வேண்டாம் என்பதில் அப்பா கறாராக இருந்தார்.

அப்புறம் துத்தநாகப் பிரைமர். இரும்போடு ஒட்டி இருக்கும் துத்தநாகம், ஈரம் வந்தால் தான் முதலில் கரைந்து இரும்பைக் காப்பாற்றும். அதுவும் தேய்வதற்கென்றே வைத்த முகம்தான். அதற்குமேல் எபாக்ஸி. இங்கேதான் நான் எதிர்பார்க்காத ஒரு விஷயம் வந்தது. எபாக்ஸி இரண்டு டப்பாவாக வரும், ஒன்று பிசின், இன்னொன்று அதை இறுக வைக்கும் ஹார்டனர். ஈரக் காற்றிலும் இறுகக்கூடிய ரகம் வேண்டுமென்று தேடியபோது ஃபினால்கமைன் என்று ஒன்றைச் சொன்னார்கள். கப்பல்களுக்கு அடிப்பது. எதிலிருந்து செய்கிறார்கள் என்று பார்த்தால், முந்திரிக்கொட்டை ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயிலிருந்து.

எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அந்த எண்ணெயை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் என்று எங்கே திரும்பினாலும் முந்திரிக்காடு. போர்த்துகீசியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மரம், இந்தச் செம்மண்ணைத் தன் ஊர் ஆக்கிக்கொண்டது. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பாருங்கள். தோல் கறுத்து, வெந்து, ரேகை அழிந்திருக்கும். கையில் சாம்பல் பூசிக்கொண்டு உடைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பச்சைக் கொட்டையை நசுக்கிக் கையில் பெயர் எழுதி, பத்து நாள் புண்ணோடு திரிந்தவன் நான். இரும்பைக் காக்கும் எபாக்ஸியில் இருப்பதும், பிரேக் லைனிங்கில் தேய்மானத்துக்காகக் கலக்கும் பொடியில் இருப்பதும் இதே எண்ணெயிலிருந்து வந்ததுதான். அந்த விரல்களுக்கு மட்டும் இன்னும் சாம்பல்தான் கோட்டிங்.

சுரங்கம் விரிந்ததும் பெரும்பாலும் முந்திரியும் நெல்லும் விளைந்த நிலங்களுக்குள்தான். நாங்கள் எபாக்ஸி அடித்து முடித்து, வண்டி ஓட ஆரம்பித்த 2023 ஜூலையில், வளையமாதேவியில் கதிர் விட்ட நெல்லுக்குள் மண்வாரி எந்திரங்கள் இறங்கிக் கால்வாய் வெட்டின. டி.வி.யில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். 31 வருடச் சம்பளத்தில் கட்டிய வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. கால்வாய் வெட்டுவது நியாயமா என்ற கேள்வியை விடுங்கள். அறுவடைக்கு இரண்டு மாதம் பொறுத்திருக்கலாம் என்பதற்கு ஒரு காரணம் போதும், அது நெல்.

*

வி.ஏ. பிளேட்டை விட்டுவிட்டேன். விரிசல் விழுந்த பிளாக் ஒரு காரணம். அந்த விதியில் இன்னொரு வரியும் இருக்கிறது. பழங்கால வாகனமாகப் பதிந்தால் கண்காட்சி, ஆராய்ச்சி, ராலி என்று சில காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது அதில் வராது.

டீசலையே பிரித்தோம். ஹெட்டை ஃபேஸ் அடித்து, ரிங்கும் பேரிங் ஷெல்லும் மாற்றி, பம்பையும் நாசில்களையும் காலிபிரேஷனுக்கு அனுப்பினோம். டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர். மூணு கியர் பெட்டிக்குப் பதில் பிற்கால ஜீப்பின் நாலு கியர் பெட்டி. என்ஜினுக்குச் செய்ததில் பெரிய முன்னேற்றம் என்றால் பெரிய ரேடியேட்டர்தான், மற்றதெல்லாம் அதன் பழைய மூச்சைத் திருப்பிக் கொடுத்தது. அப்பாவின் நாலு மவுண்டிங் தகடுகளில் மூன்று அப்படியே இருந்தன. ஒன்றில் மட்டும் வெல்டு ஓரமாக விட்டிருந்தது. மெக்கானிக் அண்ணன் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்கப் பார்த்தார். அப்பா ராடைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கண்புரை அறுவை முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கை லேசாக ஆடும். நான் தடுக்கப் போனேன், அண்ணன் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். வரி நேராக வரவில்லை. மேடும் பள்ளமுமாக, ஆனால் ஆழமாக ஏறியிருந்தது. கிரைண்டர் போட்டுச் சமம் செய்யவா என்று அண்ணன் கேட்டதற்கு, “உள்ளதான இருக்கு, யாரு பாக்கப்போறா” என்றார் அப்பா. நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

புதுப்பித்தல் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது 2022 ஏப்ரலில். நாங்கள் 2018-லேயே விட்டுவிட்டிருந்ததால் தாமதக் கட்டணமும் சேர்ந்தது. எஃப்.சி.க்குப் போன அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் தூக்கிப் பார்த்து, சேஸ் நம்பரைத் தடவிப் பார்த்து, “இந்த மாதிரி வண்டி இனிமே வராதுங்க” என்றார். பேச்சுக்குச் சொல்லவில்லை. அந்த வருடம் ஏப்ரலிலிருந்து அரசு வண்டிகள் 15 வருடம் தாண்டினால் பதிவு ரத்து, நேராக உடைப்புக்கூடம் என்று விதி வந்துவிட்டது. அதற்கு முன்னால் அரசு ஆபீஸ்களில் ஓய்ந்த ஜீப் ஏலத்துக்கு வரும், கான்ட்ராக்டர் எடுப்பார், அவரிடமிருந்து அப்பா மாதிரி ஒருவர் எடுப்பார், ஒரு பூச்சு கூடும். பச்சை, மஞ்சள், வெள்ளை என்று தகட்டில் படிந்த அந்த வரிசையில் இனிமேல் புதிதாகச் சேர அதிகம் வண்டிகள் இல்லை.

நிறம் என்ன அடிப்பது என்று வீட்டில் ஒரு வாரம் சண்டை. தங்கை பச்சை என்றாள், நான் மஞ்சள் என்றேன். அம்மா, “கழுவுனா தெரியிற கலரா அடிங்க” என்றாள். கடைசியில் வெள்ளையே. பானட்டின் உள்பக்கம் மட்டும் ஒரு கையகலம் அப்படியே விட்டோம். உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்ததில் ஐந்து நிறமும் மரத்தை அறுத்த மாதிரி வளையம் வளையமாகத் தெரியும். அதற்குமேல் வெறும் கிளியர் கோட்.

ஹரிகேன் பிளாக் மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. அம்மா அதன்மேல் துளசித் தொட்டி வைத்திருக்கிறாள்.

முதல் நாள் வேலுடையான்பட்டு கோயில்வரை போய்விட்டு வந்தோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். டவுன்ஷிப் வளைவு தாண்டும்போது, எங்கள் பழைய பிளாக் தெருவுக்குள் திருப்பச் சொன்னார். வாசல் மாமரம் இருந்தது. வீட்டில் வேறு யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள். நிறுத்தவா என்று கேட்டேன்.

“வேணாம். டாப்பெட் சத்தம் கேக்குது பாரு, ரெண்டாவது சிலிண்டர். வீட்டுக்குப் போயி பானட்டத் தூக்கு” என்றார்.